பிஎல்சி ஏன் இன்னும் ரிலே பாஷையிலேயே பேசுகிறது

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: ஆலை இயந்திரங்களை ஓட்டுகிற, புரோகிராம் செய்யக்கூடிய கண்ட்ரோல் பெட்டியான பிஎல்சி 1969-லேயே வந்துவிட்டது, அதற்கப்புறம் கம்ப்யூட்டர் உலகம் எத்தனையோ தடவை தலைகீழாகிவிட்டது, ஆனால் ஆலைக்குள் போய்ப் பார்த்தால் இன்னும் ஏணி மாதிரி ஒரு படத்தை வரைந்துவிட்டு அதைத்தான் புரோகிராம் என்கிறார்கள், இத்தனை வருடத்தில் இதில் உண்மையிலேயே என்ன மாறியது, பேசாமல் ஒரு நல்ல கம்ப்யூட்டரை அந்த இடத்தில் வைத்தால் என்ன கெட்டுப்போகும்? மென்பொருள் எழுதுகிறவர் என்று சொல்லியிருக்கிறீர்கள். அதனால் கேள்விக்கு அடியில் இன்னொரு கேள்வியும் இருப்பதாகப் படுகிறது: இந்தத் துறைக்காரர்கள் அரை நூற்றாண்டு பின்தங்கிவிட்டார்களா? கோபமில்லை, நானும் படிப்பு முடித்து வந்த புதிதில் அதே ஏளனத்தோடுதான் அந்த ஏணிப் படத்தை, அதாவது லேடரைப் பார்த்தேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. இருபது வருடத்துக்கு மேலாக இயந்திரங்களுக்கு கண்ட்ரோல் எழுதுவதும், அவற்றை ஓட்டிக் கொடுப்பதும், பாதி ராத்திரியில் நின்றுபோன உற்பத்தி லைனை எழுப்பி விடுவதும்தான் என் பிழைப்பு. கன்வேயர், பேக்கிங், அசெம்பிளி, இவைதான் எனக்குப் பழக்கம். எண்ணெய் சுத்திகரிப்பு மாதிரியான ஆலைகளில் டிசிஎஸ் என்று, ஆலை முழுக்கக் கண்ட்ரோலைப் பரப்பி வைக்கிற வேறொரு வம்சாவளி இருக்கிறது, அங்கே நான் விருந்தாளி, அதனால் அந்தப் பக்கம் போகவில்லை.

முதலில் ரிலேயைப் புரிந்துகொள்ளாமல் இது புரியாது. ரிலே என்பது ஒரு காயில், அதாவது கம்பிச் சுருள், அதில் மின்சாரம் பாய்ந்தால் காந்தமாகி சில காண்டாக்டுகளை (மின்பாதையைச் சேர்க்கிற, பிரிக்கிற முனைகளை) மூடும் அல்லது திறக்கும், அவ்வளவுதான். இரண்டு காண்டாக்டை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் 'இதுவும் அதுவும்', பக்கவாட்டில் இணைத்தால் 'இதுவோ அதுவோ'. ஒரு ரிலே தன் காண்டாக்டாலேயே தன் காயிலுக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டால் அதுதான் நினைவாற்றல்; ஸ்டார்ட் பட்டனை விட்ட பிறகும் மோட்டார் ஓடிக்கொண்டிருப்பது அப்படித்தான். இந்த மூன்று வித்தையை வைத்துக்கொண்டே கார் ஆலைகளின் முழு லைன்களையும் ஓட்டினார்கள். அலமாரி அலமாரியாக ரிலேக்கள், அவற்றுக்கிடையில் கையால் இழுத்த வயர்கள். இதை வரைய எலக்ட்ரீஷியன்கள் பயன்படுத்திய படம்தான் லேடர்: இடப்பக்கம் ஒரு மின்கம்பி, வலப்பக்கம் ஒரு மின்கம்பி, நடுவில் ஒவ்வொரு சுற்றும் ஏணியின் ஒரு படி. ஆக லேடர் என்பது பிஎல்சிக்காக யாரோ உட்கார்ந்து வடிவமைத்த மொழி கிடையாது. பிஎல்சி பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே ஆலைச் சுவரில் ஒட்டியிருந்த படம் அது.

இதில் வலி எங்கே என்றால், கார் கம்பெனிகள் அப்போது அடிக்கடி மாடல் மாற்றும். மாடல் மாறினால் இயந்திரத்தின் வரிசை மாறும், வரிசை மாறினால் பேனலுக்குள் இருக்கிற வயர்களை எல்லாம் பிடுங்கி மறுபடி கட்ட வேண்டும். சில சமயம் அதைவிட, பழைய பேனலைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகக் கட்டுவது சுலபம். இது போக, ரிலே என்பது அசையும் பொருள். காண்டாக்ட் கரியும், தூசி படியும், ஒட்டிக்கொள்ளும். நூற்றுக்கணக்கான ரிலேக்களுக்கு நடுவில் எப்போதாவது ஒருமுறை மட்டும் கோளாறு செய்கிற ஒன்றைத் தேடுவது என்ன மாதிரியான வேலை என்று யோசித்துப் பாருங்கள்.

1968-ல் ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ரமேடிக் பிரிவு, அதாவது தானியங்கி கியர் பெட்டி செய்கிற பிரிவு, இந்த ரிலே பேனலுக்கு மாற்று வேண்டும் என்று தேவைகளை எழுதி வெளியே விட்டது. அந்தத் தேவைகளைப் படித்தால் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் அங்கேயே கிடைத்துவிடும். சுலபமாக மறுபடி புரோகிராம் செய்ய முடிய வேண்டும், முடிந்தால் ஆலைக்குள்ளேயே; பழுது பார்ப்பது சுலபமாக இருக்க வேண்டும், கழற்றி மாட்டும் துண்டுகளாக இருந்தால் நல்லது; ஆலையின் சூடு, அதிர்வு, மின் இரைச்சலுக்கு நடுவில் ரிலே பேனலைவிட நம்பகமாக ஓட வேண்டும்; அதைவிடச் சிறிதாக இருக்க வேண்டும்; விலையில் ரிலே பேனலோடு போட்டி போட வேண்டும்; அமெரிக்க ஆலைகளில் இருந்த 115 வோல்ட் மின்சாரத்தை நேராக உள்ளே வாங்கிக்கொள்ள வேண்டும். வேகமாகக் கணக்குப் போட வேண்டும் என்பது இந்தப் பட்டியலின் கவலையே இல்லை. ஏற்கெனவே அங்கே வேலை பார்க்கிற எலக்ட்ரீஷியன் கையில் இந்தப் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போக முடியுமா என்பதுதான் கவலை.

அதற்கு விடை கொண்டுவந்தவர்களில் ஜெயித்தது மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பெட்ஃபோர்டு என்ற ஊரில் இருந்த பெட்ஃபோர்டு அசோசியேட்ஸ் என்ற சின்ன நிறுவனம். டிக் மார்லியும் அவருடைய கூட்டாளிகளும் செய்த அந்தப் பெட்டி அவர்களுடைய 84-வது திட்டம் என்பதால் அதற்கு 084 என்றே பெயர் வைத்தார்கள். அதை விற்பதற்கென்று தொடங்கிய கம்பெனிதான் மோடிகான், 'மாடுலர் டிஜிட்டல் கண்ட்ரோலர்' என்பதன் சுருக்கம். 1969-ல் அது ஜெனரல் மோட்டார்ஸுக்குப் போனது. அந்த 84 என்ற எண் மேல் அவர்களுக்கு என்ன பாசமோ, பின்னால் வந்த மாடல்களுக்கும் 184, 384, 984 என்று வாலில் அதையே ஒட்டிக்கொண்டே போனார்கள். டிஜிட்டல் எக்யூப்மென்ட் கார்ப்பரேஷனும் பிடிபி-14 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அவர்கள் அன்றைக்குக் கம்ப்யூட்டரில் பெரிய கை, ஆனால் களத்தில் நிலைத்தது மோடிகான்.

இங்கே நிச்சயமானதையும் கதையையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். 1968-ல் தேவை எழுதப்பட்டது, 1969-ல் 084 போய்ச் சேர்ந்தது, இவை ஆவணப்பட்ட விஷயங்கள். 1968 புத்தாண்டு தினத்தன்று, முந்தின இரவின் போதை தெளியாத தலைவலியோடு உட்கார்ந்து மார்லி மொத்த யோசனையையும் எழுதிவிட்டார் என்ற கதை அவரே பல இடங்களில் சொன்னது. நல்ல கதை, அந்த அளவில் வைத்துக்கொள்ளுங்கள். 'பிஎல்சியின் தந்தை' என்ற பட்டமும் ஒருவருக்கு மட்டும் போகவில்லை. ஆலன்-பிராட்லி என்ற அமெரிக்க நிறுவனத்தில் இருந்த ஆஸ்திரியாவில் பிறந்த ஓடோ ஸ்ட்ரூகரையும் அப்படித்தான் சொல்கிறார்கள், பிஎல்சி என்ற மூன்றெழுத்தைப் பரப்பியதும் அந்த நிறுவனம்தான். என்னைக் கேட்டால் ஜெனரல் மோட்டார்ஸ் பக்கத்தில் அந்தத் தேவைகளை எழுதிய பொறியாளர்களுக்குத்தான் பாதிப் புகழாவது போக வேண்டும். என்ன வேண்டும் என்று இவ்வளவு தெளிவாகக் கேட்ட வாடிக்கையாளரை நான் என் வேலையில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

சரி, அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு வருவோம். மென்பொருள்காரர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். பிஎல்சி ஒரு வேலையை மட்டும் திரும்பத் திரும்பச் செய்கிறது: எல்லா இன்புட்டுகளையும் ஒரே தடவையாகப் படித்து நினைவகத்தில் ஒரு நகல் எடுத்துக்கொள்கிறது, புரோகிராமை மேலிருந்து கீழாக ஒருமுறை ஓட்டுகிறது, வந்த விடைகளை ஒரே தடவையாக அவுட்புட்டுகளுக்கு எழுதுகிறது, தன் உள்வேலைகளைக் கொஞ்சம் பார்க்கிறது, மறுபடி முதலிலிருந்து. இந்த ஒரு சுற்றுக்கு ஸ்கேன் என்று பெயர், சாதாரணமாகச் சில மில்லி செகண்டுகளிலிருந்து சில பத்து மில்லி செகண்டுகள் வரை எடுக்கும். நடுவில் சென்சார் மாறினாலும் புரோகிராமுக்குத் தெரியாது, அதன் கண்ணில் உலகம் உறைந்து நிற்கிறது. இது குறைபாடு மாதிரித் தெரியும். ஆனால் ஒரே சுற்றுக்குள் 10-வது வரியில் கதவு மூடியிருந்தது, 200-வது வரியில் திறந்திருந்தது என்கிற மாதிரியான முரண்பாடு வரவே வராது என்பதற்கு உத்தரவாதம் இதுதான். இழைகள், பூட்டுகள், யார் முதலில் எழுதினார்கள் என்கிற சண்டை என்று நீங்கள் அன்றாடம் அனுபவிக்கிற தலைவலிகளில் முக்கால்வாசியை வடிவமைப்பிலேயே கழற்றி வைத்துவிட்டார்கள்.

இதற்கு விலையும் உண்டு. ஸ்கேன் நேரத்தைவிடக் குறுகிய துடிப்பு ஒன்று வந்து போய்விட்டால் பிஎல்சி அதைப் பார்க்காமலேயே போகலாம், அதனால்தான் சுழற்சியைத் துடிப்புகளாக மாற்றித் தருகிற வேகமான என்கோடர்களுக்கென்று தனியாக அதிவேகக் கவுன்ட்டர் கார்டுகள் இருக்கின்றன. ஒரே அவுட்புட்டை இரண்டு இடத்தில் எழுதினால் கடைசியாக எழுதியதுதான் வெளியே போகும், முதலாவது படியில் திரையில் எல்லாம் எரிந்துகொண்டிருக்கும், வால்வு மட்டும் அசையாது. வேலைக்கு வரும் புதியவர்கள் எல்லோரும் இந்தப் பள்ளத்தில் ஒருமுறையாவது விழுகிறார்கள். புரோகிராமுக்குள் 'இந்த சென்சார் வரும்வரை காத்திரு' என்று ஒரு லூப் போட்டுப் பாருங்கள், வாட்ச்டாக் டைமர் என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது, குறித்த நேரத்துக்குள் ஸ்கேன் முடியவில்லை என்றால் அது சிபியுவை ஃபால்ட் என்ற கோளாறு நிலைக்குத் தள்ளி அவுட்புட்டுகளைப் பொதுவாக அணைத்துவிடும். காத்திருப்பதை நீங்கள் 'நான் இப்போது எந்த நிலையில் இருக்கிறேன்' என்று ஒரு எண்ணில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஸ்கேனிலும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற மாதிரிதான் எழுத வேண்டும். பழகிவிட்டால் இது இயல்பாகிவிடும். பழகாதவர்கள் பிஎல்சியைத் திட்டிக்கொண்டே இருப்பார்கள்.

இனி லேடர் ஏன் சாகவில்லை என்பதற்கு. ராத்திரி இரண்டு மணிக்கு லைன் நிற்கிறது. ஷிஃப்டில் இருக்கிற மெயின்டனன்ஸ் ஆள் லேப்டாப்பை மாட்டித் திறக்கிறார். திரையில் லேடர் ஓடிக்கொண்டே தெரிகிறது: மின்சாரம் பாய்கிற படிகள் பச்சையில், பாயாத இடம் வெறுமையாக. மோட்டார் காயிலிலிருந்து இடப்பக்கமாக விரலை நகர்த்திக்கொண்டே வந்தால் பச்சை எங்கே அறுந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்; அந்தக் காண்டாக்டின் பெயர் 'பின்பக்கக் கதவு மூடியது' என்றிருந்தால் எழுந்து போய் அந்தக் கதவைப் பார்க்கிறார். அவருக்குப் புரோகிராமிங் தெரிய வேண்டியதே இல்லை, சுற்றுப் படம் படிக்கத் தெரிந்தால் போதும். எழுதியவர் தூங்கிக்கொண்டிருக்கிறார், இவர் லைனை ஓட்டிவிட்டார். உங்கள் உலகில் ஓடிக்கொண்டிருக்கிற நிரலைத் திறந்து எந்த நிபந்தனை பொய்யாக இருக்கிறது என்று ஒரு எலக்ட்ரீஷியன் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடிக்கிற கருவி எது என்று யோசித்துப் பாருங்கள். லைனை நிறுத்தாமலேயே ஒரு படியை மாற்றி இறக்கவும் பல பிஎல்சிகளில் முடியும் (முடியும் என்பதற்காகச் செய்யக் கூடாது என்பது வேறு கதை, இயந்திரத்துக்குள் கையை வைத்துக்கொண்டு யாராவது நிற்கலாம்).

இந்தச் சிந்தனை வயரிங் வரைக்கும் போகிறது. ஸ்டாப் பட்டனை எப்போதும் மூடிய காண்டாக்டாகத்தான் இணைப்பார்கள், அழுத்தினால் திறக்கும். அதாவது எல்லாம் நன்றாக இருக்கும்போது அந்த இன்புட் 1 ஆக இருக்கும். இது என்ன தலைகீழ் என்று முதலில் தோன்றும். வயர் அறுந்தாலும் ஸ்டாப் அழுத்தின மாதிரியே இயந்திரம் நின்றுவிடும், அதற்காகத்தான். எமர்ஜென்சி ஸ்டாப்பை பிஎல்சி புரோகிராமை மட்டும் நம்பி விடவே மாட்டார்கள், தனி ரிலேக்களோடு நேரடி வயரிங்காகத்தான் நெடுங்காலம் இருந்தது. 1998-லிருந்து ஐஇசி என்ற சர்வதேச மின்தொழில்நுட்ப அமைப்பின் 61508 என்ற தரநிலை பகுதி பகுதியாக வந்து, தன்னைத்தானே சோதித்துக்கொள்கிற, எல்லாவற்றையும் இரட்டையாகக் கணக்கிட்டு ஒப்பிடுகிற சேஃப்டி பிஎல்சிகளுக்கு ஒரு பொது அளவுகோல் கிடைத்த பிறகுதான் அந்த வேலை மெல்ல மெல்ல மென்பொருளுக்கு வந்தது. சாதாரண பிஎல்சியில் இன்றைக்கும் அதைச் செய்யக் கூடாது.

அப்படியென்றால் எதுவும் மாறவில்லையா என்றால், அந்த ஸ்கேனைச் சுற்றியிருக்கிற எல்லாமே மாறிவிட்டது. 084-ல் இருந்தது காந்த வளைய நினைவகம், மின்சாரம் போனாலும் அழியாது. 1973-ல் வந்த 184-தான் மோடிகானுக்கு வியாபாரத்தைத் தூக்கிக் கொடுத்தது. மைக்ரோபிராசஸர் உள்ளே வந்ததும் ஆன்-ஆஃப் தவிரக் கூட்டல் கழித்தல், அனலாக் அளவுகள், பிஐடி (ஒரு அளவைக் குறித்த மதிப்பிலேயே பிடித்து வைக்கிற கணக்கு) என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. சீமென்ஸ் பக்கத்தில் அவர்களுடைய கண்ட்ரோலர்களுக்குச் சிமாட்டிக் என்ற பெயர் 1958-லிருந்தே இருக்கிறது, ஆனால் அப்போது அது வயரால் கட்டப்பட்ட டிரான்சிஸ்டர் தொகுதிகள்; புரோகிராம் செய்கிற எஸ்5 1979-லும், எஸ்7 தொண்ணூறுகளின் நடுவிலும் வந்தன. புரோகிராம் போடுவதற்கென்றே பெட்டி மாதிரி கனமான தனிக் கருவி இருந்த காலம் உண்டு. புற ஊதா வெளிச்சத்தில் வைத்து சிப்பை அழித்துவிட்டு மறுபடி எழுதிய காலமும் உண்டு. அதற்கப்புறம் பேட்டரி தாங்கிப் பிடிக்கிற ரேம். அதில் எனக்கு ஒரு வடு இருக்கிறது: ஒரு ஆலையில் பேட்டரி விளக்கு எரிகிறதே என்று நல்ல எண்ணத்தில் மின்சாரத்தை அணைத்துவிட்டு, நிதானமாகப் பழைய பேட்டரியைக் கழற்றினேன். புரோகிராம் போய்விட்டது. பேட்டரி மாற்றும்போது மின்சாரம் இருக்க வேண்டும் என்பது கையேட்டின் முதல் பக்கங்களிலேயே எழுதியிருந்தது. கைவசம் இருந்த நகல் இரண்டு வருடம் பழையது. அந்த இரண்டு வருடத்து மாற்றங்களைக் காகிதக் குறிப்புகளிலிருந்து தேடி எடுத்து எழுதி முடிக்க மூன்று நாள் ஆனது. இன்றைக்கு ஃபிளாஷ் நினைவகம் இருப்பதால் இந்தத் தவறைச் செய்வதே கஷ்டம், முன்னேற்றம் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான்.

என் கணக்கில் பிராசஸர் வேகத்தைவிடப் பெரிய மாற்றம் நெட்வொர்க். முன்பெல்லாம் ஒவ்வொரு சென்சாரிலிருந்தும் தனித்தனி வயர் பிஎல்சி பேனல் வரைக்கும் ஓடும், கேபிள் டிரேயைப் பார்த்தாலே பயமாக இருக்கும். 1979-ல் மோடிகான், கருவிகள் ஒரே கேபிளில் பேசிக்கொள்வதற்கான மோட்பஸ் என்ற நெறிமுறையை வெளியிட்டது. 1989 வாக்கில் புரோஃபிபஸ், 1994-ல் டிவைஸ்நெட், அப்புறம் ஈதர்நெட் கேபிளிலேயே துல்லியமான நேரக்கட்டுப்பாட்டோடு ஓடுகிற ஈதர்கேட் 2003-ல். இன்புட் அவுட்புட் கார்டுகள் பேனலை விட்டு வெளியேறி இயந்திரத்தின் மேலேயே போய் உட்கார்ந்தன, பேனலுக்குத் திரும்பி வருவது ஒற்றைக் கேபிள். இவற்றில் மோட்பஸ்தான் வேடிக்கை. தரவு வகை என்று உருப்படியாக ஒன்றும் கிடையாது, இரண்டு பதிவேடுகளைச் சேர்த்து ஒரு தசம எண்ணைப் படிக்கும்போது எது முன்னால் எது பின்னால் என்று இன்றைக்கும் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும், ஒவ்வொரு தடவையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறோம். ஆனாலும் அது எல்லாரையும்விட நீண்டநாள் உயிரோடு இருக்கிறது. யார் வேண்டுமானாலும் ஒரு வாரத்தில் எழுதிவிடக்கூடிய அளவு எளிமை, காசு கேட்காமல் திறந்து விட்டார்கள், அவ்வளவுதான் ரகசியம்.

மொழி பக்கத்திலும் ஏணி தனியாக இல்லை. 1993-ல் ஐஇசி 1131-3 (இப்போது 61131-3) ஐந்து மொழிகளை வரையறுத்தது: லேடர், ஃபங்ஷன் பிளாக் வரைபடம், பாஸ்கல் சாயலில் இருக்கிற ஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட், அசெம்பிளி சாயலில் இன்ஸ்ட்ரக்ஷன் லிஸ்ட், பிரெஞ்சுக்காரர்களின் கிராஃப்செட் என்ற படிநிலை வரைபடத்திலிருந்து வந்த சீக்வென்ஷியல் சார்ட். 2013 பதிப்பில் வகுப்பு, மரபுரிமை எல்லாம் வந்துவிட்டன, நீங்கள் வந்தால் அந்நியமாக உணர மாட்டீர்கள். இன்ஸ்ட்ரக்ஷன் லிஸ்டை அதே பதிப்பில் ஓரங்கட்டத் தொடங்கிவிட்டார்கள். இந்தத் தரநிலையால் ஒரு கம்பெனி பிஎல்சிக்கு எழுதியதை இன்னொரு கம்பெனி பிஎல்சியில் அப்படியே போடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். படித்தால் புரியும், அந்த அளவுக்கு நிச்சயம். நகர்த்த முடியுமா என்றால், ஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்டில் எழுதிய கணக்குப் பகுதி பெரும்பாலும் நகரும், ஹார்டுவேர் அமைப்பும் டைமர்களும் மோஷன் (மோட்டார் நகர்வு) பிளாக்குகளும் கம்பெனி நூலகங்களும் நகராது. நான் செய்த இரண்டு பெரிய மாற்றங்களிலும் கடைசியில் பாதிக்கு மேல் புதிதாகத்தான் எழுதினோம். என் பழக்கம் என்னவென்றால், இன்டர்லாக் (ஒன்று சரியில்லாவிட்டால் இன்னொன்றை ஓடவிடாத நிபந்தனை) எல்லாம் லேடரில், ரெசிப்பி (ஒவ்வொரு தயாரிப்புக்கும் வேண்டிய அளவுகளின் பட்டியல்), அணி, சரம், கணக்கு எல்லாம் டெக்ஸ்டில். லேடரில் ஒரு வரிசைப்படுத்தும் வேலையை எழுதியிருக்கிற புரோகிராம் ஒன்றைப் பார்த்திருக்கிறேன், அதை எழுதியவரின் பொறுமைக்கு என் வணக்கம்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி, கம்ப்யூட்டரையே வைத்தால் என்ன. வைத்துப் பார்த்தார்கள். தொண்ணூறுகளில் சாஃப்ட் பிஎல்சி, அதாவது சாதாரண கம்ப்யூட்டரில் மென்பொருளாகவே ஓடும் பிஎல்சி, என்ற பேச்சு பலமாக அடிபட்டது, பிஎல்சி இன்னும் சில வருடங்களில் காணாமல் போகும் என்று நிறையப் பேர் எழுதினார்கள். சாதாரண விண்டோஸ் நேரத்துக்கு வேலையை முடிக்கும் என்று வாக்குக் கொடுக்காது, சராசரியாக வேகமாக இருக்கும், அவ்வளவுதான். இயந்திரத்துக்குச் சராசரி வேகத்தால் பிரயோஜனமில்லை. ஆயிரம் தடவை 2 மில்லி செகண்டில் வந்துவிட்டு ஆயிரத்தோராவது தடவை 300 மில்லி செகண்ட் எடுத்தால் கத்தி தப்பான இடத்தில் இறங்கும். தவிர ஹார்டு டிஸ்க் அதிர்வைத் தாங்காது, ஃபேன் தூசியை உறிஞ்சும். பெக்ஹாஃப் நிறுவனம் 1996-ல் கொண்டுவந்த டுவின்கேட் வேறு வழியில் போனது: விண்டோஸ் ஓடுகிற அதே கம்ப்யூட்டரில் தனக்கென்று ஒரு நிகழ்நேரப் பகுதியை எடுத்துக்கொண்டு, பிஎல்சி வேலையை அதில் ஓட்டியது. அது நிலைத்தது. இன்னொரு பக்கம் 1994-ல் ஜெர்மனியில் தொடங்கிய நிறுவனத்தின் கோட்சிஸ் என்ற பிஎல்சி மென்பொருள் பல தயாரிப்பாளர்களின் பிஎல்சிகளுக்குள் ஓடுகிறது, அவற்றில் பலவற்றின் அடியில் லினக்ஸ். ஆக, கம்ப்யூட்டர் பிஎல்சியை விரட்டவில்லை, பிஎல்சி வேஷம் போட்டுக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. வெளியே இருக்கிறவர்களுக்குக் கொடுத்த வாக்கு மட்டும் அதேதான்: குறித்த நேரத்துக்குள் சுற்று முடியும், மின்சாரம் வந்தால் தானாக ஓடும், இருபது வருடம் கழித்தும் திறந்து பார்க்க முடியும்.

இருபது வருடம் என்பதை வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் ஏறத்தாழ இருபது வருடம் ஓடிய ஒரு 084-ஐ ஓய்வு கொடுத்த பிறகு மோடிகானுக்கே திருப்பிக் கொடுத்தார்கள், அது மாசசூசெட்ஸில் காட்சிக்கு வைக்கப்பட்டது. நான் இன்றைக்கும் எஸ்5 ஓடுகிற ஆலைகளுக்குப் போகிறேன், அதைத் திறப்பதற்காக மட்டுமே சீரியல் போர்ட் இருக்கிற ஒரு பழைய லேப்டாப்பைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றி வைத்திருக்கிறேன். உங்கள் உலகில் ஐந்து வருடப் பழைய நூலகம் ஒரு தலைவலி. இங்கே அது நேற்று வந்தது.

இந்த நீண்ட ஆயுளுக்கு ஒரு கெட்ட பக்கமும் உண்டு. பிஎல்சியும் அதன் நெறிமுறைகளும் பூட்டிய பேனலுக்குள் இருக்கும், தொடுகிறவர் நம்ம ஆள்தான் என்ற நம்பிக்கையில் பிறந்தவை. மோட்பஸ்ஸில் கடவுச்சொல் என்ற எண்ணமே கிடையாது, கேபிளில் இருக்கிற யாரும் எழுதலாம். 2010-ல் ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல் வெளியே தெரிய வந்தபோது அந்த நம்பிக்கை உடைந்தது. ஈரானின் நடான்ஸ் யுரேனிய ஆலையின் மையவிலக்கு இயந்திரங்களைக் குறிவைத்து, சீமென்ஸ் எஸ்7 பிஎல்சிகளில் தன் கட்டளைகளை நுழைத்தது. எனக்குப் புல்லரித்தது அதன் ஒரு சின்ன விவரம்: பொறியாளரின் கம்ப்யூட்டருக்கும் பிஎல்சிக்கும் நடுவில் இருக்கிற மென்பொருள் கோப்பை அது மாற்றி வைத்திருந்தது, அதனால் பிஎல்சியைத் திறந்து பார்த்தாலும் நுழைக்கப்பட்ட பகுதி கண்ணில் படாது. மேலே இவ்வளவு பெருமையாகச் சொன்னேனே, திரையில் பச்சை எங்கே அறுந்தது என்று பார்ப்பது, அந்தத் திரையே பொய் சொன்னால்? 2017-ல் சவூதி அரேபியாவில் ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையின் டிரைக்கானெக்ஸ் சேஃப்டி கண்ட்ரோலர்களையே தாக்கினார்கள். கண்ட்ரோலரின் முகப்பில் இருக்கிற சாவியை 'புரோகிராம்' நிலையிலேயே விட்டிருந்தது அவர்களுக்கு வசதியாகப் போனது. சாவியை 'ரன்' நிலைக்குத் திருப்பி எடுத்து வைப்பதற்குச் செலவே கிடையாது, இன்றைக்கும் எத்தனை பேனலில் சாவி தொங்கிக்கொண்டிருக்கிறது என்று போய்ப் பார்த்தால் உங்களுக்குத் தூக்கம் வராது.

இதற்கு மேல் சொல்வது என் ஊகம் மட்டும், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். 2023-ல் சீமென்ஸ், தனக்கென்று ஹார்டுவேர் இல்லாமல் சர்வரில் ஓடுகிற எஸ்7-1500வி என்ற மெய்நிகர் பிஎல்சியை அறிமுகப்படுத்தியது. நூற்றுக்கணக்கான பிஎல்சிகள் இருக்கிற பெரிய கார் ஆலைக்கு அது பொருந்தும் என்று நினைக்கிறேன். தனியாக நிற்கிற ஒரு பேக்கிங் இயந்திரத்துக்கு அதே பலன் கிடைக்குமா என்பதில் எனக்குச் சந்தேகம், ஒரு சர்வர் விழுந்தால் எத்தனை இயந்திரம் நிற்கும் என்பதுதான் மெயின்டனன்ஸ் ஆளின் முதல் கேள்வியாக இருக்கும். நிகழ்வுகளால் ஓடுகிற ஐஇசி 61499 தரநிலை 2005-லிருந்தே இருக்கிறது, ஸ்கேனை விட்டு வெளியே வரும் வழி என்று அதைச் சொல்கிறவர்கள் உண்டு. காகிதத்தில் அழகு, நான் கால் வைத்த ஆலைகளில் ஒன்றில்கூட அதைப் பார்க்கவில்லை; என் ஆலைகளை மட்டும் வைத்து உலகத்தைச் சொல்லிவிட முடியாது என்பதும் உண்மை. செயற்கை நுண்ணறிவு ஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்டை ஓரளவு நன்றாகவே எழுதித் தருகிறது. எழுதுவது எப்போதுமே இந்த வேலையின் சின்னப் பகுதி. சிலிண்டர் பாதியில் சிக்கிக்கொண்டால் என்ன செய்ய வேண்டும், மின்சாரம் போய் வந்தால் எந்த நிலையிலிருந்து தொடங்குவது என்று இயந்திரத்தின் பக்கத்தில் நின்று யோசிப்பதுதான் மீதி எல்லாம்.

கற்றுக்கொள்ள எங்கே தொடங்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். கோட்சிஸை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், ஹார்டுவேர் இல்லாமல் சிமுலேஷனிலேயே ஓட்டலாம். முதலில் லேடரில் ஒரு மோட்டார் ஸ்டார்ட்-ஸ்டாப் போடுங்கள், ஸ்டாப் பட்டனின் இன்புட் சும்மா இருக்கும்போது 1 என்று வைத்துக்கொண்டு. அது ஓடியதும் அதே மோட்டார் காயிலைக் கீழே இன்னொரு படியில், நிபந்தனை நிறைவேறாத இடத்தில், இன்னொரு தடவை போட்டுவிட்டு ஸ்டார்ட்டை அழுத்துங்கள். மேல் படி முழுக்க எரிகிறதே, மோட்டார் ஏன் ஓடவில்லை என்று கொஞ்ச நேரம் முழித்துவிட்டு வந்து எழுதுங்கள், அடுத்ததை அங்கிருந்து பேசுவோம்.